ரப்பர் ரத்தினத்துக்கு நான் எழுதிய பாட்டு

லெட்சுமி அக்கா கையை உயர்த்தினார். பீட்டரின் தபேலா பாதியில் நின்றது. என் ஹார்மோனியத்தில் மிச்சமிருந்த காற்றில் ஒரு சுரம் மட்டும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய் அதுவும் அடங்கியது.

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேலே இருக்கும் அறை அது. ஒத்திகைக்கு வாடகைக்கு விடுவார்கள். கீழே யாரோ இரும்புக் குழாய் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுக்கும் சத்தம் நிற்கும், மறுபடி கிளம்பும். ஏர்கானிலிருந்து ஈரத்துணி வாடை வந்துகொண்டிருந்தது.

அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை. முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மூணாவது சரணத்தை மறுபடி பாடு ஜெயா," என்றார்.

அந்தச் சரணத்தை நினைத்துத்தான் வாரக்கணக்கில் பயந்துகொண்டிருந்தேன். இறந்துபோன கணவருக்கு அஞ்சலிப் பாட்டு என்று கேட்க வந்திருக்கிறார். அதில் முன்பின் தெரியாத ஒருவரின் பெயர் வருகிறது. அக்கா எழுந்து போய்விட்டால் நிகழ்ச்சியே கிடையாது.

பாடினேன். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று எழுதுவதற்கு முன்னால் ரத்தினத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் சிலருக்கு அவர் மேல் உயிர். சிலருக்கு அவர் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். இரண்டு தரப்பிலிருந்தும் எனக்குச் செய்தி வந்திருக்கிறது. அதனாலேயே இந்த அத்தியாயத்தை வாராவாரம் தள்ளிப்போட்டு வந்தேன்.

முகமே மூலதனம்

பகலில் ரத்தினத்துக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. சாயங்காலம் மேடை. கன்னத்தையும் தாடையையும் இஷ்டத்துக்கு இழுப்பார், சுருக்குவார். அதனால்தான் ரப்பர் ரத்தினம். ஒரே ஆள் நின்ற இடத்தில் நின்றபடி மாமியார், மருமகள், பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் என்று மூன்று பேரின் சண்டையைப் போடுவார். மூன்று பேரும் தனித்தனியாகத் தெரிவார்கள்.

நான் முதன்முதலில் மேடையேறியபோது மைக் செத்துவிட்டது. பாட்டு நின்று, கூட்டம் எழுந்திருக்க ஆரம்பித்த நேரத்தில் அவர் பக்கவாட்டிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றார். வாயே திறக்கவில்லை. மைக் சரியாகும்வரை முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் உட்கார வைத்தார். பிறகு என்னிடம், "பாட்டு எப்படின்னு எனக்குத் தெரியாது. பொண்ணு ஓடலை லா, அது போதும்," என்றார். அதற்குப் பிறகு அவர் நிகழ்ச்சிகளுக்கு மெட்டுப் போடுவது என் வேலையாகிவிட்டது.

ஆனால் அவரிடம் ஒரு முரட்டுத்தனம் இருந்தது. யாரையும் விட மாட்டார். அவர் மனைவி லெட்சுமி அக்கா ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த நடையை மேடையில் நடந்து காட்டுவார். அரங்கம் சிரிக்கும். அக்காவும் சிரிப்பார். அது என்ன வகைச் சிரிப்பு என்று எனக்கு அப்போது புரிந்ததில்லை.

அவருடைய பாத்திரங்களிலேயே பிரபலமானவன் 'டார்மிட்டரி துரைசாமி'. மஞ்சள் ஹெல்மெட், கையில் போன், தமிழ்நாட்டு ஊரிலிருந்து வந்து தொழிலாளர் விடுதியில் தங்கியிருக்கும் கட்டடத் தொழிலாளி. உள்ளூர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்த பாத்திரம் அது. ஊரிலிருந்து வந்தவர்களும் சிரித்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வரி

அன்று நான் ஜொகூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். மற்றவர்களைப் போல நானும் வீடியோவில்தான் பார்த்தேன்.

தீபாவளிக்கு முன்னால் நடந்த ஒரு கலைநிகழ்ச்சி. துவாஸ் பக்கத்து விடுதிகளிலிருந்து தொழிலாளர்களைப் பேருந்தில் அழைத்துவந்து பின்வரிசைகளில் உட்கார வைத்திருந்தார்கள். துரைசாமி ஊரில் இருக்கும் மனைவிக்குப் போன் போடுகிற காட்சி. சிக்னல் கிடைக்காமல் நாற்காலி மேல் ஏறுவான், பிறகு மேசை மேல் ஏறுவான், "கேக்குதா புள்ள, கேக்குதா" என்பான்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். ஒல்லியான ஆள், கட்டம் போட்ட சட்டை. சத்தம் போடவில்லை. எங்கள் அறையில் ஒருவர் தினமும் இப்படித்தான் மனைவியிடம் பேசுவார், போன வாரம் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார், இதை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்யுங்கள் அண்ணே என்று கேட்டுக்கொண்டார். வீடியோவில் அதில் பாதிதான் காதில் விழும்.

ரத்தினம் மேசை மேல் நின்றபடியே போனைக் காதில் வைத்து, கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"மேல போயிட்டாரா? அங்கேருந்து ரோமிங் கட்டுப்படியாகாதே."

முன்வரிசைகள் சிரித்தன. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பின்னால் நாற்காலிகள் இழுபட்டன. பின்வரிசைகள் மொத்தமும் எழுந்து வெளியே போயின. ரத்தினம் ஹெல்மெட்டைச் சரி செய்துகொண்டு அடுத்த ஜோக்குக்குப் போனார்.

விடிவதற்குள் அந்தத் துண்டு ஊர் முழுக்கப் பரவிவிட்டது, இங்கேயும் தமிழ்நாட்டிலும். மன்னிப்புக் கேட்கச் சொல்லி எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கினார்கள். "சிரிச்சது நானா? சிரிச்சவங்ககிட்ட போய்க் கேளுங்க," என்று ஒரு நிருபரிடம் சொன்னார். அதுவும் பரவியது. மேடைகள் நின்றன. அவர் லிஃப்ட் வேலைக்குப் போனார், வீட்டுக்கு வந்தார், அவ்வளவுதான். சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

எனக்கு வந்த குரல்கள்

அவர் இறந்து சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு கலைமன்றத்தின் செயலாளர் நடேசன் அஞ்சலி நிகழ்ச்சி நடத்த முன்வந்தார். லிட்டில் இந்தியாவில் ஒரு மண்டபம். நான் ஒரு பாட்டு எழுதிப் பாட வேண்டும் என்றார். லெட்சுமி அக்காவும் கூப்பிட்டு, நீ பாடுவதாக இருந்தால் வருகிறேன் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

நோட்டீஸ் வெளிவந்த அன்றே வாட்ஸ்அப்பில் குரல்செய்திகள் வர ஆரம்பித்தன. செத்த தொழிலாளியைக் கேலி செய்தவனுக்குப் பாட்டா என்று ஒரு பெண் கேட்டார். இன்னொருவர் ரத்தினத்தின் பரம ரசிகர், பழைய கதையைக் கிளறினால் மேடையில் நிற்க முடியாது என்று மரியாதையாகவே மிரட்டினார். இரண்டையும் அடுத்தடுத்து கேட்டுவிட்டு, குவீன்ஸ்டவுன் வீட்டுச் சமையலறையில் கொதிக்கும் பாலைப் பார்த்துக்கொண்டே பொங்க விட்டேன்.

முதல் சரணம் சுலபமாக வந்தது.

*முகத்தை மடிச்சுப் பையில வச்சான் ரத்தினம்*
*விரிச்சுப் பாத்தா ஊரே இருக்கும் ரத்தினம்*

இரண்டாவது சரணம் அவருடைய இன்னொரு பாத்திரமான 'லிஃப்ட் மாமி'யைப் பற்றியது. பழைய அடுக்குமாடிகளில் லிஃப்ட் எல்லாத் தளத்திலும் நிற்காது. மேலே ஒரு தளம் போய் இறங்கி வர வேண்டும், இல்லையென்றால் கீழே இறங்கி ஏறி வர வேண்டும். என் அம்மா அரிசி மூட்டை வாங்கும் நாட்களில் இதற்காகவே ஒரு தனி வசவு வைத்திருந்தார். ரத்தினம் அந்த லிஃப்டைப் பழுதும் பார்த்தார், அதை வைத்துப் பிழைப்பும் நடத்தினார்.

*லிஃப்டு நிக்கா மாடியில மாமி இருக்கா*
*மேல ஏறிக் கீழ இறங்கிப் பாதி ஆயிட்டா*

மூன்றாவது சரணம் வரவே இல்லை. அந்த வரியைப் பற்றிப் பேசாமல் விட்டால் பாட்டு பொய். பேசினால் அக்கா எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் பீட்டர் ஒரு விஷயம் சொன்னார். பீட்டருக்கு வாரநாட்களில் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. அன்று எழுந்து நின்றவர் அதே பட்டறையில் வெல்டராக இருக்கிறாராம், பெயர் சேகர். அஞ்சலி நிகழ்ச்சி பற்றிக் கேள்விப்பட்டு, "நாங்களும் வர்றோம்னு சொல்லுங்க" என்று மட்டும் சொல்லியனுப்பியிருக்கிறார்.

இதைக் கேட்டதும் நடேசன் இடிந்து போனார். ஆட்களைத் திரட்டி வந்து கலாட்டா செய்வார்களோ, மண்டபத்தார் அனுமதியை ரத்து செய்துவிடுவார்களோ என்று ஒரே புலம்பல். நான் சேகரைப் பார்க்க முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் புல்வெளி

லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடக்க இடம் கிடைக்காது. கடைகளுக்குப் பின்னால் இருக்கும் திடலில் பீட்டர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சேகர் தனியாக, காலணியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் உட்காருவதற்கு ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துப் போட்டார்.

புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ரொம்ப நிதானமாகப் பேசினார். சிங்கப்பூர் வருவதற்கு முன்பே ஊரில் துரைசாமி காட்சிகளைப் போனில் பார்த்திருக்கிறாராம். இங்கே வந்தால் நேரில் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டிருக்கிறார். அன்றைக்கும் அந்த ஆசையில்தான் பேருந்தில் ஏறியிருக்கிறார்.

பாட்டில் ரத்தினம் நல்லவர் என்று வருமா என்று கேட்டார். சிரிக்க வைத்தவர் என்று வரும் என்றேன்.

"அது உண்மைதாங்க்கா," என்றார்.

கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"அப்ப எல்லாரும் எழுதுனாங்க, பேசுனாங்க. எங்களுக்காகப் பேசுனவங்களும்தான். தொழிலாளி தொழிலாளின்னே சொன்னாங்க. வீரபாண்டின்னு ஒருத்தரும் சொல்லலை."

இறந்தவரின் அந்தப் பெயர் எனக்கும் அன்றுதான் தெரியும். அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேன், பெயர் கேட்கத் தோன்றவில்லை. நிகழ்ச்சிக்கு வந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். இன்னும் தெரியாது, பாட்டைக் கேட்ட பிறகுதான் என்றார். மிரட்டுவதுபோல இல்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்திலேயே இரண்டு வரி வந்துவிட்டது.

*ஒருத்தன் விழுந்தான் ஊரு சிரிச்சது பேரு கேக்கல*
*வீரபாண்டி அவன் பேரு யாரும் கேக்கல*

அதற்கு அடுத்த இரண்டு வரியை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன்.

*மேடை இறங்கி இருட்டுல நின்னு மனசுல அழுதானே*
*மன்னிச்சிருன்னு காத்துக்கிட்ட சொல்லி முடிச்சானே*

ரத்தினம் அப்படி அழுதார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்த வரிகள் இருந்தால் அக்கா அந்தப் பெயரைப் பொறுத்துக்கொள்வார், சேகருக்கும் ஆறுதலாக இருக்கும், ரசிகர்களும் சமாதானமாவார்கள் என்று நினைத்தேன். நடேசன் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதுதான் பாட்டின் உயிரே என்றார்.

அக்கா சொன்னது

இப்போது அந்த ஒத்திகை அறைக்கு வருகிறேன்.

மூன்றாவது சரணத்தை மறுபடி பாடி முடித்தேன். கீழே குழாய் அறுப்பது நின்றிருந்தது. வீரபாண்டி யார் என்று அக்கா கேட்டார். சொன்னேன். தலையை மெதுவாக ஆட்டினார்.

"அது இருக்கட்டும். அடுத்த ரெண்டு வரி உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா. நானா எழுதினது."

"அவர் அழல ஜெயா."

நடேசன் குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டாரு. ரசம் நல்லா இருக்குன்னு சொன்னாரு. எத்தனையோ தடவை கேட்டேன், தப்புன்னு ஒத்துக்குங்க, வெளிய சொல்ல வேணாம், என்கிட்டயாவது சொல்லுங்கன்னு. அது நல்ல ஜோக்குதான்னு கடைசி வரைக்கும் சொன்னாரு."

பீட்டர் தபேலாவின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்தப்புறம் அவரை வேற ஆளா மாத்தாதே. நான் குடும்பம் நடத்துனது அவர்கூட. நீ எழுதியிருக்கிற ஆளை எனக்குத் தெரியாது."

முகத்தில் அடித்தது போல இருந்தது. நடேசன்தான் வாதாடினார். அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டால் பாட்டு குற்றப்பத்திரிகை ஆகிவிடும், ரசிகர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், பேசாமல் மூன்றாவது சரணத்தையே எடுத்துவிடலாம் என்றார். அப்படியானால் நான் வரவில்லை என்று அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வரியை எடுத்தால் அந்த இடத்தில் என்ன வைப்பது என்று நான் பொதுவாகக் கேட்டேன். வேறு வார்த்தை எழுதக் கை வராது என்று எனக்கே தெரிந்தது. ஒன்றும் வேண்டாம், அந்த அளவுக்குத் தாளம் மட்டும் போகட்டும் என்றார் பீட்டர். வாசித்தும் காட்டினார். அக்கா நின்றபடியே கேட்டுவிட்டு, அப்படியே விடு என்றார்.

மண்டபம்

நிகழ்ச்சியன்று மண்டபத்தார் கூடுதலாகக் காவலர்களை நிறுத்தியிருந்தார்கள். வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். முன்வரிசைகளில் பழைய ரசிகர்கள், நல்ல பட்டும் ஜிப்பாவுமாக. மாலை போட்ட படத்தில் ரத்தினம் ஒரு புருவத்தை மட்டும் தூக்கிக்கொண்டிருந்தார். முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

சேகரும் அவருடன் வந்தவர்களும் கடைசியில் வந்தார்கள். நாற்காலிகள் காலியாக இருந்தும் உட்காரவில்லை. பின்சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். நடேசன் போய் உட்காரச் சொல்லிக் கெஞ்சினார். இருக்கட்டும் சார் என்று ஒரே பதில்தான். முன்னால் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் பாட ஆரம்பித்தேன். முதல் சரணத்துக்குக் கைதட்டினார்கள். இரண்டாவது சரணத்தில் லிஃப்ட் மாமி வந்ததும் சிரிப்பு கிளம்பியது. அவருடைய குரலிலேயே மாமியை இழுத்துப் பாடினேன். அரங்கம் குலுங்கியது. ஒரு நிமிஷம் ரத்தினமே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடேயே மூன்றாவது சரணத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது எனக்குக் கொடுமையாக இருந்தது.

*ஒருத்தன் விழுந்தான் ஊரு சிரிச்சது பேரு கேக்கல...*

சிரிப்பு நின்றது. வீரபாண்டியின் பெயர் வந்ததும் மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். "இது அஞ்சலியா?" என்று கேட்டார். அவர் வெளியே நடந்தார். அவர் பின்னால் ஒரு குடும்பம், அதற்குப் பின்னால் இன்னும் சிலர். காவலர் ஒருவர் மேடைப் பக்கம் நகர்ந்து வந்தார்.

எனக்குப் பாட வார்த்தை இல்லாத இடம் வந்துவிட்டது. பீட்டர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். ஒத்திகையில் சின்னதாகத் தெரிந்த இடம், அங்கே முடியவே மாட்டேன் என்றது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவர் மேடையையோ என்னையோ பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்றவர்களில் ஒருவரும் அசையவில்லை.

பல்லவிக்குத் திரும்பினேன். எப்படியோ முடித்தேன். யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்து, மற்றவர்கள் தட்டாததால் நிறுத்திக்கொண்டார். நடேசன் மைக்கைப் பிடித்து அனைவரையும் தேநீருக்கு அழைத்தார்.

அந்தப் பாட்டை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பாடவில்லை. அன்று நடந்து போனவர்களில் சிலர் என்னிடம் இன்றுவரை பேசுவதில்லை. ஒருவர் தேக்கா சந்தையில் என்னைப் பார்த்தால் மீன் வாங்காமலேயே திரும்பிப் போகிறார்.

தேநீர் மேசை

மண்டபத்துக்கு வெளியே நடைபாதையில் தேநீரும் கரிபாப்பும் வைத்திருந்தார்கள். சேகரின் ஆட்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். அக்கா காலை இழுத்து இழுத்து நேராக அவர்களை நோக்கி நடந்தார். பேச்சு நின்றது. நடேசன் பின்னால் ஓடினார். நான் கையிலிருந்த கோப்பையோடு பின்னால் போனேன்.

அன்றைக்கு எழுந்து நின்ற தம்பி யார் என்று அக்கா கேட்டார். சேகர் முன்னால் வந்தார். வீரபாண்டிக்குப் பிள்ளைகள் உண்டா என்று அக்கா கேட்டார். ஒரு பெண், பள்ளிக்கூடம் போகிறது, மனைவி தையல் வேலை பார்க்கிறார் என்றார் சேகர். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அவருக்காக நான் மன்னிப்புக் கேக்க முடியாது தம்பி. கேக்க வேண்டியவர் கேக்காமலே போயிட்டாரு."

"அதுக்காக நாங்க வரலைங்க," என்றார் சேகர்.

நடேசனுக்கு மூச்சு வந்தது. ஆனால் சேகர் முடிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அடித்துவிடுவாரோ, அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பதறியது.

"அந்த லிஃப்டு மாமிக்கு நான் சிரிச்சுட்டேங்க," என்றார். "வீரபாண்டி அண்ணன் பேரு வரப்போகுதுன்னு பீட்டர் சொல்லித் தெரியும். தெரிஞ்சும் சிரிச்சுட்டேன். அடக்க முடியலை. அதுதான் ஆத்திரமா வருது."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கும் அப்படித்தான் தம்பி," என்றார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து."